கூடை விழும் வரை

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் போகும் சாலையில், ஒலியால் நரம்பை அமைதிப்படுத்தித் தருவதாகச் சொல்லும் பலகைகள் இப்போது ஏழு இருக்கின்றன. பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். எல்லாப் பலகையிலும் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள், தலைமாட்டில் ஒரு வெண்கலக் கிண்ணம். என் மகன் தன் பங்குக்குக் கைப்பேசியில் மழைச் சத்தத்தை ஏற்றிக்கொடுத்து, மனசு சரியில்லாதபோது கேட்கச் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும், கேட்டீர்களா என்று விசாரிக்கிறான். கேட்கவில்லை.

அந்த வைத்தியத்தை நான் கேலி செய்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பலகைகள் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்தக் கிண்ணத்தை நெஞ்சில் வைத்துப் படுத்து எழுந்தவன் நான். என் சண்டை வேறு. அமைதி, அமைதி என்று எல்லோரும் எனக்கு ஒன்றைக் கொடுக்கப் பார்த்தார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை. லாரியில் உப்பு ஏற்றப் போடும் ஒரு பலகையின் அடியில், என் இடம் எனக்கு வேண்டியிருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதியில் மரக்காணத்து உப்பளம் ஒன்றில் நான் கணக்குப்பிள்ளை. திண்டிவனத்தில் தங்கிப் படித்து, பட்டம் வாங்கி, கடைசியில் உப்புக் கூடைகளை எண்ணும் வேலைக்கு வந்தவன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. அம்பாரமாகக் கிடக்கும் உப்பைப் பெண்கள் கூடையில் அள்ளிச் சுமந்து, சாய்வாகப் போட்ட பலகையில் ஏறி, லாரியில் கொட்டுவார்கள். பலகையில் ஒரு நேரத்தில் ஒருத்திதான் ஏறலாம். அவள் பலகையில் கால் வைக்கும்போது நான் எண்ணைத் தொடங்க வேண்டும். மேலே போய் அவள் கூடையைக் கவிழ்த்து உப்பு விழும் வரை அந்த எண்ணை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் குரல் அறுந்தால் அந்தக் கூடை கணக்கில் சேர்ந்ததா இல்லையா என்று சண்டை வரும். ஆகவே ஒரு கூடைக்கு ஒரு மூச்சு. முதல் கூடையை ஒன்று என்று சொல்லக்கூடாது. 'லாபம்' என்றுதான் தொடங்க வேண்டும். நெல் அளந்தாலும் உப்பு அளந்தாலும் எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். லாபம், பிறகு ரெண்டு, பிறகு மூணு. காற்று என் பக்கம் இருந்தால் என் குரல் மூன்று பாத்திகளுக்கு அப்பாலும் கேட்கும் என்பார்கள்.

ஒரு நாள் உப்பு ஏற்றிய லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திண்டிவனம் போனேன். ஒரு வளைவில் எதிரே வந்த மாட்டு வண்டிக்கு ஒதுங்கப் போய், லாரி புளியமரத்தில் மோதியது. பின்னாலிருந்த உப்பு தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து என்னை இடுப்பு வரை மூடிவிட்டது. டிரைவர் ஸ்டியரிங்மேல் கவிழ்ந்து கிடந்தார். அவர் நெஞ்சு ஹாரன் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. ஆட்கள் ஓடி வந்து அவரைத் தூக்கும் வரை ஹாரன் நிற்கவில்லை. தூக்கியபோது அவர் உயிரோடு இல்லை. கொஞ்ச நேரம்தான் அடித்தது என்று பிறகு சொன்னார்கள். இருக்கலாம். நான் எண்ணாமல் விட்ட சத்தம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

உடைந்த விலா எலும்புகள் கூடியதும் வேலைக்குத் திரும்பினேன். லாரி பின்னோக்கி வந்து நின்றது. பலகை போட்டார்கள். முதல் பெண் கால் வைத்தாள். அந்த நேரம் பார்த்து டிரைவர் சும்மா ஒரு தட்டு ஹாரன் தட்டினான். நான் வாயைத் திறந்து "ஒன்று" என்றேன்.

பலகையில் இருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் வரிசையாக வந்தவர்களும் நின்றார்கள். பெண்களுக்குத் தலைவியாக இருந்த மேஸ்திரி அம்மாள் என் வயதுக்காரி, வாய் பெரியது. அவள் பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா சொன்ன நீ?"

சுமந்து வந்த உப்பையெல்லாம் திரும்ப அம்பாரத்திலேயே கொட்டச் சொன்னாள். பலகையைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அதன்மேல் கற்பூரம் ஏற்றினாள். மறுபடி தொடங்கினோம். நடுவில் இன்னொரு ஹாரன் கேட்டது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் அம்பாரத்துக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்ததுதான்.

முதலாளி கெட்டவர் இல்லை. என்னைக் கொட்டகைக்குள் மேஜைக்கு மாற்றினார். பலகை அடியில் தன் மைத்துனரை நிறுத்தினார். மழைக்கு முன்பு எனக்குச் சரியானால் பார்க்கலாம், இல்லாவிட்டால் மைத்துனரே அங்கே நிரந்தரமாக நிற்கட்டும் என்றார். அந்த மைத்துனர் எண்ணை இழுக்க மாட்டார். "அஞ்சு, ஆறு, ஏழு" என்று காய்கறி எண்ணுவதைப் போல எண்ணுவார். கொட்டகைக்குள் இருந்து அதைக் கேட்பது எனக்கு ஹாரனுக்கு அடுத்த தண்டனை.

புதுச்சேரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். நரம்பு அதிர்ந்திருக்கிறது என்று மாத்திரை எழுதினார், சத்தம் ஆகாது என்றார். என் மனைவி அதைப் பிடித்துக்கொண்டாள். ரேடியோ அலமாரிக்குள் போயிற்று. பாத்திரம் தேய்ப்பது கொல்லைக் கோடிக்குப் போயிற்று. மீன்காரி எங்கள் வாசலில் கூவக்கூடாது என்று உத்தரவு. அந்த அமைதியில் நான் இன்னும் கெட்டேன். சத்தமே இல்லாத வீட்டில், இனி வரப்போகும் சத்தத்துக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பிரதான சாலை வீட்டிலிருந்து நல்ல தூரம். அங்கே போகும் ஒவ்வொரு லாரியும் என் படுக்கை அறை வழியாகத்தான் போயிற்று.

எங்களிடம் உப்பு வாங்கிக் கருவாட்டு வியாபாரிகளுக்கு விற்கும் ஒரு பாய் கோட்டக்குப்பத்தில் இருந்தார். எனக்கு நல்ல சிநேகிதர். நான் மேஜையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவர்தான் சொன்னார்.

"குயிலாப்பாளையம் பக்கத்துல ஒரு வெள்ளக்கார அம்மா இருக்குது கணக்குப்புள்ள. சத்தம் கேக்க வெச்சே நரம்பைச் சரி பண்ணுதாம். ஒரு தபா போய்ட்டு வருவோம். போனா என்னா, தேஞ்சா போயிடுவ?"

ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். எனக்காக வழி முழுக்க ஹாரன் அடிக்காமலே ஓட்டினார். மாடு, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் வாயாலேயே விரட்டினார்.

அந்த அம்மாள் சவுக்கு மரங்களுக்கு நடுவே கீற்று வேய்ந்த வீட்டில் தனியாக இருந்தாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தமிழை அக்கம்பக்கத்துப் பெண்களிடம் கற்றிருந்ததால் எல்லோரையும் 'நீ' என்றுதான் பேசுவாள். பட்டதாரியை நீ என்கிறாளே என்று எனக்கு எரிச்சல். தரையில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லி, ஆள் உயரத்துக்குத் தொங்கிய ஒரு வெண்கலத் தட்டை மெல்ல அடித்தாள். நான் துள்ளி எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். அவள் பதறவில்லை. தான் செய்தது தப்பு என்று சொல்லி, அந்தத் தட்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். பிறகு சிறு கிண்ணங்கள். ஒன்றை என் நெஞ்சின்மேல் வைத்து விளிம்பைத் தட்டினாள். ரீங்காரம் எலும்பில் இறங்கியது. நன்றாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. பிறகு வாயை மூடிக்கொண்டு மூச்சு தீரும் வரை 'ம்ம்ம்' என்று இழுக்கச் சொன்னாள். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு தானாக அடங்கும் என்று விளக்கினாள். இழுத்துக்கொண்டிருக்கும்போதே நிறுத்தினாள்.

"நீ எண்ணற."

"இல்லையே."

"கண்ணு மூடி இருக்கு. கட்டைவிரல் நடக்குது. எண்ணாத. சும்மா கேளு."

எண்ணாமல் எப்படிச் சும்மா கேட்பது என்று கேட்டேன். அவளுக்கு அது புரியவில்லை. அவள் சொன்னது எனக்குப் புரியவில்லை. கிளம்பும்போது ஒரு கேசட் கொடுத்தாள், தினமும் கேட்கச் சொன்னாள். பாயின் மகன் துபாயிலிருந்து அனுப்பிய டேப் ரெக்கார்டர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கேசட்டைப் போட்டால், கடல் அலை.

என் மனைவி கையில் கரண்டியோடு வந்து நின்று கேட்டாள். "ஏங்க, வாசலைத் திறந்தா ஒரு சமுத்திரம் இருக்குது. இதுக்கு பேட்டரி வேற போடணுமா?"

ஆனாலும் கேட்டேன். வைத்தியத்தைப் பாதியில் விட்டான் என்ற பேர் எனக்கு வேண்டாம். நான்காம் முறை கேட்கும்போது பிடிபட்டது. இருபத்து மூன்று அலைகள் முடிந்ததும் மறுபடி முதல் அலையே வருகிறது. பதினான்காவது அலைக்குப் பின்னால் ஒரு பறவை கத்துகிறது. எந்தச் சுற்றிலும் அதே பறவை, அதே இடம். எங்கள் ஊர்க் கடலில் ஒரு அலையைப்போல் இன்னொன்று வந்து நான் பார்த்ததில்லை. ஏமாற்று வேலை என்று கோபம் வந்தது. சிநேகிதர் பாயையும் கூட்டிக்கொண்டு போய் அவளிடமே கேட்டேன். இருபத்து மூன்றே அலைகளை வைத்துக்கொண்டு யாரை ஏமாற்றுகிறீர்கள் என்றேன்.

அவள் சிரித்தாள். இத்தனை பேருக்குக் கொடுத்ததில் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றாள். அது அவள் பிறந்த ஊர்க் கடலாம். ஊரை விட்டு வரும்போது கொஞ்சம்தான் பதிவு செய்ய முடிந்ததாம். அதையே திரும்பத் திரும்பச் சேர்த்து ஒட்டியிருக்கிறாள். வைத்தியத்துக்காக இல்லை, தனக்காக. அவள் சிறுமியாக இருந்தபோது யுத்தம். குண்டு போட விமானம் வருகிறது என்று சைரன் ஊதுவார்களாம்.

"இப்பவும் கேக்குதா?" என்றேன்.

"கேக்குது. எங்க போனாலும்."

"அப்ப இந்த வைத்தியம் எதுக்கு?"

"சைரன் ஊதும். நான் ஓட மாட்டேன். அதுக்குத்தான்."

அமைதி தருகிறேன் என்று சொல்லாத முதல் ஆள் அவள். அன்றுதான் என் வேலையைப் பற்றி அவளிடம் சொன்னேன். லாபம், ரெண்டு, ஒரு கூடைக்கு ஒரு மூச்சு, எல்லாம். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் 'ம்ம்ம்' என்று தான் செய்யச் சொன்னதை நான் எத்தனையோ வருஷமாகச் செய்துகொண்டுதானே இருந்திருக்கிறேன் என்றாள். சரி, எண்ணு, ஆனால் விரலில் எண்ணாதே, வாய் விட்டு எண்ணு என்றாள். கூடை இல்லாமல் எண்ணினால் அது பொய்க் கணக்கு, நான் எண்ண மாட்டேன் என்றேன்.

அவள் எழுந்து போய் ஒரு பிரம்புக் கூடை நிறையச் சவுக்குச் சருகை அள்ளி, இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, வாசற்படிக்கு முன்னால் நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் வைத்தால் அது குழந்தை, கூடை இல்லை, தலையில் வை என்றேன். நானும் நீ என்றே சொல்லிவிட்டேன். வைத்தாள். சும்மாடு இல்லாமல் வைத்ததில் கூடை சரிந்து சருகெல்லாம் முகத்தில் கொட்டியது. துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டிக் கொடுத்தேன். படியில் ஏறும்போது தரையைப் பார்த்து ஏறினாள். நேரே பார், கூடை விழும் என்று கத்தினேன். அவள் நேரே பார்த்து ஏறினாள். அந்த எரிச்சலில் என் வாய் தன்னால் திறந்து, லாபம் என்று இழுத்துவிட்டது. அவள் மேல்படியில் நின்று சருகைக் கவிழ்க்கும் வரை இழுத்தது. கேட்டுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற பாய் துவா முடித்ததைப் போல இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டார்.

அன்று முப்பது கூடை எண்ணினேன். பாவம், அவளுக்கு மூச்சு வாங்கியது. வாரா வாரம் போனோம். அடுத்த கட்டத்தில் பாய்க்கும் வேலை வந்தது. நான் எண்ணிக்கொண்டிருக்கும்போது அவர் சாலை முனையிலிருந்து ஸ்கூட்டர் ஹாரனை அடிக்க வேண்டும். முதல் முறை எண் அறுந்தது. இரண்டாம் முறையும் அறுந்தது. நான் பாயைத் திட்டினேன், அவளைத் திட்டினேன், சவுக்கு மரங்களைத் திட்டினேன். ஹாரன் கேட்டால் எண்ணை நிறுத்தாதே, அதன்மேலேயே இழு என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு வாரமும் பாய் கொஞ்சம் கிட்டே வந்து அடித்தார். வழியெல்லாம் வாயால் மாடு விரட்டிவிட்டு இங்கே வந்து ஆளைப் பார்த்து ஹாரன் அடிக்கிறேனே, எனக்குத்தான் பைத்தியம் பிடிக்கப் போகிறது என்றார். கேட்டுக்கு உள்ளே வந்து அடித்தபோதும் என் எண் அறவில்லை. வியர்வை முழங்கை வரை வழிந்தது. ஆனால் எண் அறவில்லை.

உப்பளத்தில் அம்பாரங்களுக்குக் கீற்று போட ஆரம்பித்துவிட்டார்கள். மழைக்கு முன்னால் கடைசியாக லோடு ஏற்றும் நாள். இரண்டு லாரி. ஒன்று பலகைக்கு முன்னால், இன்னொன்று அதற்குப் பின்னால் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தது. வானம் கறுத்துக்கிடந்தது. நான் மேஜையை விட்டு எழுந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. பலகை அடியில் குடையோடு நின்ற மைத்துனரிடம் போய், தள்ளி நில்லுங்கள் என்றேன். அவர் முதலாளியைத் தேடிக் கொட்டகைப் பக்கம் பார்த்தார். பார்க்கும்போதே நான் அவர் இடத்தில் நின்றுவிட்டேன்.

மேஸ்திரி அம்மாள் முதல் கூடையைத் தானே எடுத்துக்கொண்டு வந்தாள். பலகையில் கால் வைக்காமல் நின்றாள்.

"மறுபடி ஒண்ணுன்னு ஆரம்பிச்சே, இந்த உப்பை உன் தலையிலயே கவுத்துடுவேன்."

"கால் வை," என்றேன்.

வைத்தாள். லாபம் என்றேன். உப்பு விழும் சத்தம் கேட்கும் வரை விடவில்லை. ரெண்டு. மூணு. பெண்கள் பழைய வேகத்துக்கு வந்தார்கள். வாய்ப்பேச்சு ஆரம்பித்தது. கணக்குப்பிள்ளை குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்றாள் ஒருத்தி. வெள்ளைக்காரி ஊரில் சாணை பிடித்து வந்திருக்கிறது என்றாள் இன்னொருத்தி. நாற்பத்தாறாவது கூடை பலகையில் ஏறும்போது, பின்னால் காத்திருந்த லாரி டிரைவர் மேகத்தைப் பார்த்து அவசரப்பட்டு ஹாரனில் கை வைத்தான். தட்டவில்லை. வைத்து அழுத்திவிட்டான்.

அதே சத்தம். நிற்காத அதே சத்தம். அம்பாரத்துக்குப் பின்னால் எனக்கு இடம் இருந்தது, தெரிந்த இடம். நான் போகவில்லை. நாற்பத்தாறு என்பதை ஹாரன்மேல் ஏற்றி இழுத்தேன். பலகையில் இருந்தவள் மேலே போய்ச் சேர்ந்துவிட்டாள். கூடையைக் கவிழ்க்காமல் திரும்பி என்னைப் பார்த்தாள். கவிழ்க்காதவரை நான் எண்ணை விட முடியாது. ஹாரன் ஓயும் வரை கவிழ்க்காதே என்று கையைக் காட்டினேன். ஹாரன் போய்க்கொண்டே இருந்தது. நானும் போனேன். வரிசை முழுக்கச் சுமையோடு நின்றுவிட்டது. கழுத்து வலிக்கிறது என்று என்னையும் டிரைவரையும் சேர்த்துப் பெண்கள் வைதார்கள். எனக்குக் கண் இருட்டியது. கடைசி மூச்சு அடிவயிற்றிலிருந்து வந்தது.

மேஸ்திரி அம்மாள் அந்த லாரியின் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"ஏம்பா டிரைவரு, கைய எடு. இந்தாளு மூச்சு வுட மாட்டான், செத்துத் தொலைவான். அப்புறம் உன் லோடை எவன் எண்ணுவான்?"

டிரைவர் கையை எடுத்தான். அதற்குப் பிறகும் கொஞ்சம் இழுத்துவிட்டுத்தான் கையை இறக்கினேன். மேலே இருந்தவள் கூடையைக் கவிழ்த்தாள். உப்பு விழுந்தது.

தூறல் தொடங்கியிருந்தது. முதலாளி கொட்டகையிலிருந்து வேகமாக வந்தார். என் கைகளைப் பார்த்தார். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. நான் மறைக்கவில்லை. போதும், முகமெல்லாம் வெளிறியிருக்கிறது, வந்து உட்காருங்கள், சரியானதும் நிற்கலாம் என்றார்.

"சரியாவலங்க. சரியாவாது. நான் இங்கதான் நிப்பேன்," என்றேன்.

அதற்குள் அடுத்த பெண் பலகையில் கால் வைத்துவிட்டாள். நான் நாற்பத்தேழைத் தொடங்கிவிட்டேன். முதலாளி மைத்துனரிடம் திரும்பி, குடையை என்னிடம் கொடுக்கச் சொன்னார். எண் பாதியில் இருந்ததால் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். மைத்துனருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு பக்கத்தில் வந்து குடையை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். இரண்டாவது லாரி நிரம்பும் வரை அவர் பிடித்துக்கொண்டு நின்றார், நான் எண்ணினேன்.